மைனஸ் மூணிலிருந்து அஞ்சு மாடி கீழே

— பதினேழு முடிஞ்சுது. பதினெட்டைப் படிங்க ராமச்சந்திரன். கேள்வியையும் படிங்க, விடையையும் படிங்க. அவசரம் நக்கோ, மெதுவாவே படிங்க, பசங்க எல்லாம் போயாச்சு, இனிமே நீங்களும் நானும்தான்.

— மைனஸ் மூணு மைனஸ் அஞ்சு, எவ்வளவுன்னு கேட்டிருக்கானுங்க ரோஸ்லின் டீச்சர். பக்கத்துல பென்சில்ல எட்டுன்னு குறிச்சிருக்குதுங்க.

— வெறும் எட்டா, மைனஸ் எட்டா?

— வெறும் எட்டுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே. மைனசும் மைனசும் பக்கத்துல பக்கத்துல வந்தா பிளஸ்ஸு. எதிரிக்கு எதிரி கூட்டாளி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வருமுங்க.

— ஹவ், ஆமா, நான் சொல்லிக் குடுத்ததுதான். அடுத்து.

— முதல்ல ஒரு பிஸ்கட் எடுத்துக்குங்க டீச்சர். உஸ்மானியா. செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல, சூடு ஆறறதுக்குள்ள வாங்கினது. பரிச்சை ஹால்ல இருந்து நேரா பேக்கரி, பேக்கரில இருந்து நேரா மௌலா அலி, உங்க வீடு.

— பேப்பர் முடியட்டும், அப்புறம் பிஸ்கட். பத்தொன்பது.

— மைனஸ் ஏழு, மைனஸ் மூணு, இதுல எது பெரிசு? மைனஸ் ஏழுன்னு டிக் அடிச்சிருக்குதுங்க.

— நல்லது. ஏழு பெரிசா மூணு பெரிசா, ஏழுதானே பெரிசு. அப்ப மைனஸ் ஏழும் பெரிசுதான். அப்படித்தானே நடத்தினேன்?

— அப்படியேதானுங்க. நோட்டுல சிவப்பு மையில கட்டம் கட்டி வச்சிருக்கறமுங்க.

— இருபது?

— எட்டு கழித்தல் ரெண்டு, அப்புறம் பிராக்கெட்டுக்குள்ள மூணு கழித்தல் ஏழு. பிராக்கெட்டை முதல்ல உடைச்சா மைனஸ் நாலு. அப்புறம் நீங்க சொன்ன மாதிரி இடது பக்கத்துல இருந்து வரிசையா. எட்டுல ரெண்டு போனா ஆறு, ஆறை மைனஸ் நாலால பெருக்கினா மைனஸ் இருபத்தி நாலு.

— இடது பக்கத்துல இருந்து வரிசையா. அதையும் மறக்கல. அடுத்து?

— பை-ங்கறது ராஷனல் நம்பரா இல்லையான்னு ஒண்ணு. ராஷனல்னு போட்டாச்சுங்க, இருபத்திரெண்டு பை ஏழுதானே அது. அப்புறம் மைனஸ் நாலு இன்ட்டு மைனஸ் ஆறு, இருபத்தி நாலு.

— அது ஒண்ணு சரி.

— ஒண்ணு சரியாங்க? எல்லாமே சரியாத்தானுங்களே வந்துட்டு இருக்குது.

— இங்க குடுங்க, நானே பார்க்கறேன். கண்ணாடி எங்க வச்சேன்... ஆங். என்ன எழுத்து இது, கோழி சீச்ச மாதிரி? உங்க கையெழுத்து இவ்வளவு மோசமா இருக்காதே. எட்டு எல்லாம் குப்புறப் படுத்துக் கெடக்கு. பசங்களா இருந்தா நடு மண்டையில ஒரு குட்டு குட்டியிருப்பேன்.

— பரிச்சைன்னா கை நடுங்கத்தானே செய்யுமுங்க. அதுலயும் இத்தனை வயசுக்கப்புறம். கேள்வித்தாள்ல எழுதினா பிடிச்சுருவாங்களோன்னு வேற பயமுங்க. நீங்க சரி பார்க்கணும்னு சொன்னீங்கல்ல, அதுக்காகத்தான் பென்சில்ல லேசா.

— இருபத்தஞ்சு, எக்ஸ் கூட்டல் அஞ்சு சமம் மைனஸ் மூணு. அஞ்சை அந்தப் பக்கம் தள்ளி, மைனஸ் மூணு மைனஸ் அஞ்சு. எக்ஸ் சமம் எட்டு. பலே. அதுக்கு அடுத்ததும் அப்படியே. அதுக்கு அடுத்ததும். பரவால்ல, ஒண்ணு விடாம நான் போட்ட பாதையிலயே வந்திருக்கு.

— முப்பத்திமூணு தாண்டிருமுங்களா டீச்சர்? மத்த சப்ஜெக்ட் எல்லாம் போன தடவையே தேறிருச்சுங்க, கணக்கு ஒண்ணுதான் பாக்கி. இது தேறினா ஓப்பன் ஸ்கூல் பத்தாவது பாஸ். பாஸானா ஸ்டோர் வேலை. உக்காந்து பார்க்கற வேலை, ஃபேன் காத்து, பி.எஃப், எல்லாமுங்க.

— இருங்க, கூட்டிப் பார்க்கறேன். ... இருபத்தி ஒண்ணு. திருத்தறவர் வீட்டுல அன்னிக்கு நல்ல சாப்பாடுன்னா இருபத்தி மூணு.

— ஏனுங்க டீச்சர், வெளையாடறீங்களா?

— நான் வெளையாடற ஆளா? நாலு மாசமா திங்கள், புதன், வெள்ளி என் முன்னாடி உக்காந்து எழுந்திருக்கீங்க. ஒரு நாளாவது நான் சிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? இப்ப சிரிக்கிறேன், நல்லாப் பார்த்துக்கோங்க. மைனஸ் மூணு மைனஸ் அஞ்சு, மைனஸ் எட்டு. எட்டு இல்ல.

— அப்ப மைனசும் மைனசும்...

— பெருக்கும்போதுதான் பிளஸ். கூட்டும்போது ரெண்டும் சேர்ந்து இன்னும் கீழதான் போகும். பெருக்கலோட சட்டத்தைத் தூக்கிக் கூட்டலுக்கு மாட்டி விட்டேன், அவ்வளவுதான் நான் செஞ்சது. என்கிட்ட வர்ற எட்டாங் கிளாஸ் பசங்க அத்தனை பேரும் தானா செய்யற தப்பு அது. இருபது வருஷமா அதைத் திருத்தித் திருத்தியே என் தொண்டை போச்சு. உங்க ஒருத்தருக்கு மட்டும் அதையே பாடமா நடத்தினேன். அது ஒண்ணு கோணினாப் போதும், இன்ட்டீஜர் கோணும், சமன்பாடு கோணும், மேல கட்டினது எல்லாம் கோணும்.

— பத்தொன்பதுங்க? மைனஸ் ஏழு?

— தப்பு. மைனஸ் மூணுதான் பெரிசு. இருபதாவதுக்கு விடை பதினாறு, பெருக்கலை முதல்ல முடிச்சுட்டுத்தான் எட்டு கிட்டயே போகணும். பை ராஷனல் இல்ல, இருபத்திரெண்டு பை ஏழுங்கறது கிட்டத்தட்ட, சும்மா வேலைக்கு வச்சிருக்கறது. முதல் நாள் உங்க கையில இருந்த கைடை வாங்கி வச்சுக்கிட்டேனே, ஞாபகம் இருக்கா? புஸ்தகம் நக்கோ, என் நோட் போதும்னேன். கைக்கு, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதோ அலமாரி மேல தூசி தின்னுட்டு இருக்கு. போகும்போது மறக்காம எடுத்துட்டுப் போங்க.

— ஒரு தடவை கேட்டேனுங்களே டீச்சர். மாசி மாசம் இருக்கும். லிஃப்ட் சந்தேகம்.

— ஹவ், கேட்டீங்க. மூணாவது பேஸ்மென்ட்ல நிக்கிற லிஃப்ட் இன்னும் அஞ்சு மாடி கீழ போனா, எட்டாவது மாடில எப்படிப் போய் நிக்கும்னு கேட்டீங்க. அவ்வளவு அழகான சந்தேகம். இருபது வருஷத்துல ஒரு பிள்ளை அப்படிக் கேட்டதில்ல. அதை எப்படி அமுக்கினேன் தெரியுமா? லிஃப்ட் வேற, கணக்கு வேற, பரிச்சையில மார்க் போடறவன் லிஃப்ட்ல வர மாட்டான்னேன். தலையை ஆட்டிக்கிட்டு எழுதிக்கிட்டீங்க. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

— எதுக்குங்க டீச்சர் இப்படி?

— எதுக்கா. அட்மிஷன் நோட்டுல நீங்களே உங்க கையால எழுதினீங்க. கே. ராமச்சந்திரன், சொந்த ஊர் பல்லடம், பிரஸ் ஷாப்பு, இன்ன கம்பெனி. அந்தப் பேரும் அந்த ஊரும் எனக்கு மனப்பாடம். விசாரணை அறிக்கையோட நகல் பதினோரு வருஷமா என் பைபிளுக்குள்ள இருக்கு. சாட்சி நம்பர் ரெண்டு, கே. ராமச்சந்திரன், பல்லடம்.

— ஆமாங்க, அது நான்தான்.

— எட்வின்னு ஒருத்தன். தகட்டை அமுக்கி வெட்டற பிரஸ் மெஷின்ல வலது கை நாலு விரலும் போச்சு. என் அண்ணன்.

— தெரியுமுங்க.

— என்ன தெரியும்? மெஷினோட மூடியைக் கழட்டி வச்சது யாருன்னு தெரியுமா?

— நானுங்க.

— டார்கெட் முடிக்கணும், மூடி இருந்தா நேரமாகுதுன்னு கழட்டினது நீ. முந்தின ஷிஃப்ட் உன்னோடது. இவன் வந்தான், மூடி இருக்குன்னு நெனைச்சு கையை விட்டான். அப்புறம் விசாரணையில நீ என்ன சொன்ன? சொல்லு, உன் வாயால கேக்கணும். படிச்சுப் படிச்சு எனக்குப் புளிச்சுப் போச்சு.

— அவன் குடிச்சுட்டு வந்திருந்தான், வாடை அடிச்சுதுன்னு சொன்னேனுங்க.

— கிறிஸ்துமஸுக்கு எங்க அம்மா ஊத்தித் தர்ற திராட்சை ரசத்தையே தொட மாட்டான் அவன். மூக்கைச் சுளிப்பான். அவனைக் குடிகாரன்னு எழுதி வெளிய தள்ளினாங்க. நஷ்ட ஈடு கிடையாது, பென்ஷன் கிடையாது. இந்த ஊர்ல எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த வார்த்தை அவனுக்கு முன்னாடி போய் நின்னுச்சு. அண்ணி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அரக்கோணம் போயிட்டா. இப்ப மாதாப்பூர்ல ஒரு ஐ.டி. பில்டிங்ல கீழ்ப் பார்க்கிங்ல நின்னு விசில் ஊதறான். வெயில் அவன் முகத்துல படறது ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரும்போதுதான். யாருக்காவது கை குடுக்கணும்னா இடது கையை நீட்டுவான், ஜனம் ஒரு மாதிரி பார்க்கும். எனக்கு வயிறு எரியும்.

— எரியத்தான் செய்யுமுங்க.

— சின்ன வயசுல அவனுக்குக் கணக்குச் சொல்லித் தந்தது நான். ரெண்டு வயசு மூத்தவன், லாலாகுடா குவார்ட்டர்ஸ் வாசல்ல சிலேட்டோட என் முன்னாடி உக்காருவான். தப்புப் போட்டா குட்டுவேன். அண்ணனைத் தங்கச்சி குட்டறாளேன்னு பக்கத்து வீட்டு ராஜம் மாமி சிரிக்கும். அவனும் சிரிப்பான், ஒரு நாளும் கோபப்பட மாட்டான். அப்பேர்ப்பட்டவனை நீ ஒரு வாக்கியத்துல முடிச்ச. நானும் உன்னை ஒரு வாக்கியத்துல முடிச்சேன். மைனசும் மைனசும் சேர்ந்தா பிளஸ். கணக்கு சரியாப் போச்சா?

— நீங்க அவரு தங்கச்சின்னு முதல் நாளே தெரிஞ்சுதானுங்க வந்தேன்.

— தெரிஞ்சு வந்தியா? என்ன தைரியம் உனக்கு.

— தைரியம் இல்லீங்க. கெரகம். பதினோரு வருஷமா ஒரு வாய்ச் சோறு நிம்மதியா எறங்கலீங்க. போன வருஷம் மேனேஜரைப் பார்த்து, மூடி கழட்டினது நான், வாடை அடிச்சுதுன்னது பொய்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க. இன்கிரிமென்ட்டை நிறுத்திட்டாங்க. நிறுத்தட்டும்.

— பொய். உன் வாய்ல உண்மை வரும்னு நம்பறதுக்கு நான் எட்வின் இல்ல.

— நீங்க நம்ப வேண்டாமுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மறு பரிச்சை எப்பங்க?

— அக்டோபர்.

— ஜூன் முப்பதுக்குள்ள பாஸ் சர்டிபிகேட் குடுக்கணும்னு கம்பெனில எழுத்துல போட்டிருக்காங்க. தாண்டுனா ஸ்டோர் வேலை வேற ஆளுக்குப் போயிருமுங்க. மறு கூட்டல், மறு திருத்தம் ஏதாவது...

— தப்பை எத்தனை தடவை கூட்டினாலும் தப்புதான். போகட்டும் அந்த வேலை. அதுக்குத்தானே நாலு மாசம் பாடுபட்டேன். கடைசி வரைக்கும் அந்த பிரஸ் முன்னாடி நின்னே சாகு. காலு வீங்கட்டும், காது அடைக்கட்டும். ஒவ்வொரு தடவை மெஷின் கீழ எறங்கும்போதும் என் அண்ணன் விரலை நெனைச்சுக்கோ. கர்த்தரே உன்னை என் வாசல்ல கொண்டாந்து விட்டார்னு நெனைச்சேன். மன்னிக்கணும்னு பாஸ்டர் சொல்வார். அவர் விரல் பத்தும் அவர்கிட்ட இருக்கு.

— ஸ்டோர் வேலை எனக்கு எதுக்குங்க டீச்சர்?

— என்ன?

— வர்ற டிசம்பர்ல எனக்கு ரிட்டயர்மென்ட். ஏழு மாசத்துல வீட்டுக்குப் போறவனுக்கு எந்தக் கம்பெனி புது வேலை குடுக்கும்? மயிருக்கு மை பூசறதால உங்களுக்கு வயசு தெரியல. பத்தாவது பாஸ் வேணும்னுதான் சொன்னேனுங்க. எனக்குன்னு ஒரு நாளும் சொல்லலீங்களே.

— பின்ன யாருக்கு? நாலு மாசம் இங்க வந்து நோட்டு நோட்டா எழுதினது?

— எழுதிக்கிட்டுப் போய்ச் சொல்லிக் குடுத்தேனுங்க. திங்கள், புதன், வெள்ளி உங்ககிட்ட. செவ்வாய், வியாழன், சனி காலை ஷிஃப்ட் முடிஞ்சதும் மெட்டுகுடாவுல மெட்ரோ ஏறி அங்க. மத்தியானத்துல மூணாவது பேஸ்மென்ட் பாதி காலியாத்தான் கெடக்கும். தரையில கார் நிறுத்தறதுக்கு மஞ்சக் கோடு போட்டிருக்காங்கல்ல, அதையே நம்பர் லைனா வச்சுக்கிட்டோம். லிஃப்ட் பக்கத்துத் தூண் பூஜ்ஜியம். அந்தப் பக்கம் பிளஸ், இந்தப் பக்கம் மைனஸ். நான் நோட்டைப் படிப்பேன், அவரு கோட்டு மேல நடப்பாரு.

— எந்த பேஸ்மென்ட்டு? ராமச்சந்திரன், எந்த பில்டிங்கு?

— நடக்கும்போது ஒரு நாள் நின்னுட்டாருங்க. மைனஸ் மூணுல நின்னுக்கிட்டு இன்னும் அஞ்சு பின்னால போனா, எப்படிப்பா தூணைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிப்பேன்னாரு. லிஃப்டைக் காட்டிக் காட்டிக் கேட்டாரு. வருஷக்கணக்கா அந்த லிஃப்டைப் பார்த்துக்கிட்டு இருக்கறவராச்சே. எனக்குப் பதில் தெரியல. உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். சரி, ரோஸி சொன்னா தப்பா இருக்காதுன்னுட்டு அழிச்சு எழுதிக்கிட்டாருங்க.

— ரோஸியா.

— முதல்ல என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னாரு. மூணு மாசம் நடையா நடந்தேன். கம்பெனி திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லுது, பத்தாவது மட்டும் வேணுமாம்னேன். உங்ககிட்ட நேரா வரலாமேன்னா, வெக்கப்பட்டாரு. பாஸாகற வரைக்கும் தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம், மார்க் வந்தப்புறம் நானே போய் நிக்கறேன்னாரு. இந்த ஊர்ல அவளை மாதிரி கணக்குச் சொல்லித் தர ஆள் கெடையாது, வேற எங்கயும் போகாதேன்னு சொல்லி உங்க அட்ரஸைக் குடுத்ததே அவருதானுங்க.

— அந்தப் பேப்பரைக் குடு. குடு இங்க. இந்த எட்டு... இது இடது கை.

— ஆமாங்க. கீழ ஆட்டோவுல உக்காந்திருக்காருங்க டீச்சர். பாஸ்னு நீங்க சொன்னாத்தான் மேல வருவாராம், இல்லாட்டி குட்டுவீங்களாம்.